வாலைப் பிடித்துச் சொல்லைத் தேடு: மொட்டை மாடி வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில் 31 வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ரிட்டையர் ஆன பிறகு தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் சொல்லித் தருகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கும் பெண்கள், குறுக்கெழுத்துப் பைத்தியம் பிடித்த ஹார்பர் பென்ஷன்காரர்கள் என்று பலரும் வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய அதே பத்துப் பதினைந்து கேள்விதான். தினமும் தொண்டை கட்டுவதற்குப் பதில் ஒரு தரம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எழுத்து அமைப்பை வைத்துத் தேடுவது என்றால் என்ன? டிக்ஷனரியில்தான் எல்லாம் வரிசையாக இருக்கிறதே?

வரிசையாகத்தான் இருக்கிறது, தலை தெரிந்தவர்களுக்கு. முதல் எழுத்து, அடுத்த எழுத்து, அதற்கடுத்தது என்று வந்தால் டிக்ஷனரி வழிவிடும். நமக்கு மனசில் நிற்பதோ பல சமயம் வால், இல்லாவிட்டால் இடுப்பு. போன மழையில் எண்ணூரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அஞ்செழுத்து மிஸ். ரெண்டு ஓ ஒண்ணா நிக்கும், கடைசில டி. அதுக்கு முன்னால இன்னான்னுதான் தெரில."

நோட்டில் இரண்டு காலிக் கட்டம் போட்டு, பக்கத்தில் ஓ, ஓ, டி என்று எழுதினேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து நிரப்பினோம். ப்ளட் வந்தது. ஃப்ளட், ஸ்டுட், ப்ரூட். ரத்தம், வெள்ளம், நின்றான், அடைகாப்பது. அவன் தேடியது வெள்ளத்தை. மழைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். ஒரு சொல்லுக்கு வந்தவன் நாலு சொல்லோடு போனான். எழுத்தில் ஒரே வால் வைத்திருக்கும் அந்த நாலும் வாயில் மூன்று விதமாக ஒலிக்கின்றன என்பதையும் அவனே சொன்னான். நான் சொல்லித் தந்திருந்தால் மறந்திருப்பான்.

'பாம்பே பி', 'டைகர் டி' என்றெல்லாம் சொல்கிறீர்களே, அது என்ன?

தமிழில் எழுதினால் ரெண்டு பி-யும் ஒன்றாகத் தெரியும், ரெண்டு டி-யும் ஒன்றாகத் தெரியும். போனில் கேட்டாலும் அதே கதைதான். தூத்துக்குடி ஆபீசுக்குக் கப்பல் பெயரை போனில் சொல்லும்போது "பாம்பே பி, டெல்லி டி, பீட்டர் பி, டைகர் டி" என்று பிரித்துக் கத்துவோம். அதையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். பந்துக்கு இங்கிலீஷில் வருவது பாம்பே பி, பேனாவுக்கு வருவது பீட்டர் பி. நாய்க்கு டெல்லி டி, குடிக்கிற டீக்கு டைகர் டி. ஊர் 1995-லேயே மும்பை ஆகிவிட்டது. ஸ்பெல்லிங் சொல்கிறவர்கள் வாயில் அது இன்னும் பாம்பேதான்.

கையில் இருக்கும் காகித டிக்ஷனரியில் வாலை வைத்துத் தேட முடியுமா?

முடியாது. லிப்கோ ஆனாலும் சரி, மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கின பழைய ஆக்ஸ்ஃபோர்டு ஆனாலும் சரி, தலையெழுத்துதான் அதன் தலையெழுத்து. இன்ன எழுத்தில் முடியும் சொல் எல்லாம் வேண்டும் என்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

அதற்கென்றே தனியாக அகராதி செய்தவர்கள் இருந்தார்கள். 1570-ல் பீட்டர் லெவின்ஸ் என்ற ஆங்கிலேயர் சொற்களை அவற்றின் முடிவை வைத்து வரிசைப்படுத்தி ஆங்கில-லத்தீன் அகராதி ஒன்றைப் போட்டார். 1775-ல் ஜான் வாக்கர் போட்ட அகராதியிலும் வாலெழுத்துதான் வரிசை. கவிதை எழுதுகிறவர்கள் அதை வெகுகாலம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஆபீசில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்திலிருந்து திருப்பி டைப் அடித்து, அட்டை அட்டையாக அடுக்கினார்கள். சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம் அட்டை. கம்ப்யூட்டர் மேஜைக்கு வராத காலம் அது. இதைப் படித்தபோது என் விரல் வலித்தது. டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணின கை, 'டைகர் டி, ஐ, ஓ, என்' என்று கண்ணை மூடிக்கொண்டே ஓடும். அதை நிறுத்தி 'என், ஓ, ஐ, டைகர் டி' என்று அடிக்கச் சொன்னால் நான் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன்.

நம் ஊரிலும் இது புதுசு இல்லை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. அதாவது இரண்டாம் எழுத்து ஒத்துப்போகும் சொற்கள் ஒரே இடத்தில் இருக்கும். தமிழ்ச் சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்த அகராதி நிகண்டு 1594-ஐச் சேர்ந்தது. 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோது நாலு பகுதி வைத்தார்: பெயர், பொருள், தொகை, தொடை. நாலாவதான தொடையகராதி எதுகைக்குச் சொல் தேடுகிறவர்களுக்காகவே செய்தது. பாட்டுக் கட்டுகிறவனுக்குப் பட்டு, கட்டு, மெட்டு, மொட்டு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். இன்றைக்குப் புளியந்தோப்பில் கானா கட்டுகிற பையனுக்கும் அதேதான் வேண்டும். அவன் மனசிலேயே ஒரு தொடையகராதி வைத்திருக்கிறான்.

போனில் எப்படித் தேடுவது?

இரண்டு குறி தெரிந்தால் போதும். கேள்விக்குறி (?) போட்டால் 'இங்கே ஏதோ ஓர் எழுத்து' என்று அர்த்தம். நட்சத்திரம் (*) போட்டால் 'இங்கே எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்'. வாலுக்கு முன்னால் நட்சத்திரம் போட்டால் அந்த வாலில் முடியும் சொல் எல்லாம் வரும். ஐந்தெழுத்துச் சொல்லில் கடைசி மூன்று தெரியும் என்றால் முன்னால் இரண்டு கேள்விக்குறி. ஒன்லுக் என்ற தளம் இதைப் பல டிக்ஷனரிகளில் ஒரே சமயத்தில் செய்கிறது. அங்கே # போட்டால் மெய்யெழுத்து ஒன்று, @ போட்டால் உயிரெழுத்து ஒன்று. குறிகளை எழுதிவிட்டு ஒரு முக்காற்புள்ளி (:) வைத்து அர்த்தத்தையும் சேர்க்கலாம். அந்த அமைப்பில் இருந்து, அந்த அர்த்தத்துக்கும் பக்கத்தில் வரும் சொற்களை மட்டும் காட்டும்.

ஒரு நாள் விளையாட்டாக ஒன்று செய்து பார்த்தோம். ஒன்பது கட்டம். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் ஏ:

?ஏ?ஏ?ஏ?ஏ?

முதலில் சின்னதாக ஆறு கட்டத்தில் ஆரம்பித்தோம், ?ஏ?ஏ?ஏ என்று. பிள்ளைகள் கத்தித் தள்ளினார்கள்: பனானா, பப்பாயா, கனடா, பனாமா, சஹாரா. ஏழு கட்டத்தில் காரவான் வந்தது. ஒன்பதில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். போனில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். காசிமேட்டுப் பெண் ஒருத்தி திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மிஸ், எங்க தாத்தா ஓட்டுனது!" கேட்டமரான். சி, ஏ, டைகர் டி, ஏ, எம், ஏ, ஆர், ஏ, என். நம் கட்டுமரம்தான் கடல் தாண்டிப் போய் இங்கிலீஷ் டிக்ஷனரியில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது அங்கே அதற்கு அர்த்தம் இரட்டை உடல் வைத்த படகு. கூடவே இன்னொரு சொல்லும் பொருந்தியது, மலையாளம். எம், ஏ, எல், ஏ, ஒய், ஏ, எல், ஏ, எம். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். அன்றைக்கு வகுப்பு அத்தோடு முடிந்தது, யாரும் வேறெதையும் படிக்கவில்லை.

நெட் பேக் தீர்ந்துவிட்டால்?

சொற்பட்டியல் ஒன்றை ஒரே ஒரு தரம் இறக்கி வைத்துக்கொண்டால் எக்செல் போதும். மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் சொற்களை ஒட்டி, ஃபில்டர் பெட்டியில் அதே நட்சத்திரம், கேள்விக்குறியைப் போட்டால் வேலை செய்யும். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் 'கிரெப்' பக்கம் போகலாம். 1973-ல் கென் தாம்சன் எழுதிய சின்ன நிரல் அது. ஒரு கோப்பில் நாம் சொன்ன அமைப்பு எந்தெந்த வரியில் இருக்கிறது என்று பொறுக்கித் தரும். ஆனால் அங்கே குறிகளின் பாஷை வேறு. ஏதோ ஓர் எழுத்துக்குப் புள்ளி, வரியின் முடிவுக்கு டாலர் குறி; பட்டியலில் வரிக்கு ஒரு சொல் இருந்தால் அதுவே சொல்லின் முடிவு. மேக் கம்ப்யூட்டர்களில் 1934 வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்த சுமார் 2 லட்சத்து 35 ஆயிரம் சொல் உள்ள பட்டியல் கூடவே வருகிறது. அதில் பாதிக்கு மேல் நம் வாழ்நாளில் தேவைப்படாது.

'ஷன்' என்று காதில் விழுகிறது. எழுதும்போது எதைப் போடுவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். தமிழில் காதில் விழுவதைக் கை எழுதும். அந்தப் பழக்கத்தோடு இங்கிலீஷுக்கு வருவதால்தான் தகராறு. 'ஷன்' என்ற ஒரே ஓசைக்கு இங்கிலீஷில் அரை டஜன் வேஷம் இருக்கிறது. காதை நம்பாமல் வால் வாலாகச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும்.

பெரிய குடும்பம் டைகர் டி, ஐ, ஓ, என். ஸ்டேஷன், நேஷன், எஜுகேஷன், இன்ஃபர்மேஷன். நட்சத்திரம் போட்டுத் தேடினால் திரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் இதையே எழுது என்று சொல்லிவிடுவேன்; பெரும்பாலும் தப்பாது. அடுத்தது எஸ் வைத்தது: டென்ஷன், பென்ஷன், எக்ஸ்டென்ஷன், ரெட்டை எஸ் வைத்த மிஷன், தீராத ஆசையைக் குறிக்கும் பேஷன், டிஸ்கஷன், பெர்மிஷன். இதற்கு ஒரு கைப்பிடி உண்டு. வினைச்சொல் பெர்மிட் போல எம், ஐ, டைகர் டி என்று முடிந்தால் பெயர்ச்சொல்லில் ரெட்டை எஸ் வரும்: பெர்மிட்டுக்குப் பெர்மிஷன், அட்மிட்டுக்கு அட்மிஷன். எக்ஸ்டெண்டு, எக்ஸ்பாண்டு போல என், டெல்லி டி என்று முடிந்தால் அந்த டெல்லி டி போய் எஸ் வரும்: எக்ஸ்டென்ஷன், எக்ஸ்பான்ஷன். (அட்டெண்டு, இன்டெண்டு போலச் சில மட்டும் அடம்பிடித்து அட்டென்ஷன், இன்டென்ஷனுக்கு டைகர் டி வாங்கிக்கொள்ளும்.)

எனக்குப் பிடித்தது மூன்றாவது குடும்பம். சி, ஐ, ஏ, என். ஓசை அதே 'ஷன்', ஆனால் வந்தால் ஆளைக் குறிக்கும். எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், மியூசிஷியன், பியூட்டிஷியன், மேஜிஷியன், பொலிட்டீஷியன், ஆப்டிஷியன். வட சென்னைக்குள் ஒரு சுற்று நடந்து கடை போர்டுகளைப் படித்தாலே பட்டியல் கிடைத்துவிடும். பெரம்பூரில் ஒருவர் கடை போர்டில் 'எலக்ட்ரீஷியன்' என்பதற்கு டைகர் டி, ஐ, ஓ, என் போட்டு வைத்திருந்தார். ஃபேன் நன்றாகத்தான் ரிப்பேர் செய்தார், எதற்குக் குறை சொல்ல வேண்டும்.

மிச்சம் உதிரிகள். ஃபேஷன், குஷன் ரெண்டுக்கும் எஸ், எச், ஐ, ஓ, என். சஸ்பிஷனுக்குச் சி, ஐ, ஓ, என். கம்ப்ளெக்ஷனுக்கு எக்ஸ், ஐ, ஓ, என். ஓஷனுக்குச் சி, ஈ, ஏ, என்; கடல் மட்டும் யாரோடும் சேராது என்று காசிமேட்டுப் பிள்ளைகள் மனசில் வைத்துக்கொள்கிறார்கள்.

பிளம்பரில் பி சொல்லலாமா, கூடாதா?

தெருவில் தாராளமாகச் சொல்லுங்கள், குழாய் ஒழுகுவது நின்றால் சரி. இங்கிலீஷ்காரர் வாயில் அந்தப் பாம்பே பி கிடையாது, 'ப்ளமர்'தான். லத்தீனில் ஈயத்துக்குப் ப்ளம்பம் என்று பேர். பழைய குழாய்கள் ஈயத்தில் செய்தவை, அதிலிருந்து வந்தது. எம்-முக்குப் பின்னால் பாம்பே பி வந்து சொல் முடிந்தால் பி பேசாது. நட்சத்திரம், எம், பாம்பே பி என்று போட்டுப் பாருங்கள்: கோம், லேம், தம், லிம், டம், நம், டூம், பாம், க்ளைம். சீப்பு, ஆட்டுக்குட்டி, கட்டைவிரல், கை கால், ஊமை, மரத்துப்போனது, கல்லறை, வெடிகுண்டு, ஏறுவது. வெடிகுண்டே சத்தம் இல்லாத எழுத்தில் முடிகிறது பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆட்டுக்குட்டியிலும் சீப்பிலும் அந்தப் பி ஒரு காலத்தில் பேசினது, பிறகு ஊமையாகிவிட்டது. கட்டைவிரலிலும் கைகாலிலும் பழைய ஆங்கிலத்தில் பி-யே இல்லை. மற்றதைப் பார்த்து இதுவும் ஒட்டிக்கொண்டது. கடனுக்கான டெட், சந்தேகத்துக்கான டவுட் ரெண்டிலும் கதை இன்னும் மோசம். பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் வந்தன. லத்தீன் மூலத்தில் பி இருக்கிறது என்று படித்தவர்கள் பார்த்துப் பிற்பாடு சொருகினார்கள். எழுத்தில் மட்டும் வந்தது, வாயில் ஏறவே இல்லை. பிள்ளைகள் திட்டவேண்டும் என்றால் அவர்களைத் திட்டட்டும், என்னை வேண்டாம்.

ஓ, யு, ஜி, எச் என்று முடிவதற்கு ஏதாவது விதி உண்டா?

இல்லை. தோ, த்ரூ, டஃப், காஃப், பவ், தரா. ஆறும் ஆறு மாதிரி ஒலிக்கும். உட்கார்ந்து மனப்பாடம் செய்யுங்கள்.

பேங்க் எக்ஸாம், எஸ்எஸ்சி-க்கு இது உதவுமா?

ஸ்பெல்லிங் தவறு கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கு நேராகவே உதவும். ஓர் உதாரணம்: 'சீட்' என்று முடியும் வினைச்சொற்கள். எக்ஸீட், ப்ரொசீட், சக்ஸீட் மூன்றே மூன்றுக்குத்தான் சி, ஈ, ஈ, டெல்லி டி. ப்ரிசீட், ரிசீட், கன்சீட், இன்டர்சீட் எல்லாம் சி, ஈ, டெல்லி டி, ஈ. எஸ் போட்டு எஸ், ஈ, டெல்லி டி, ஈ என்று எழுத வேண்டியது ஒன்றே ஒன்று, சூப்பர்சீட். மற்றதெல்லாம் லத்தீனில் 'போவது' என்ற வேரிலிருந்து வந்தவை; இது மட்டும் 'உட்காருவது'. சூப்பர்சீட் செய்வது என்றால் ஒருத்தர் தலைக்கு மேலே போய் உட்காருவது. ஆபீசில் எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பிரமோஷன் வந்தபோது அந்த அர்த்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஸ்பெல்லிங்கால் எனக்கே ஒரு அவமானம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். பேக்கிங் லிஸ்ட்டில் ஸ்டேஷனரி 12 பெட்டி என்று அடித்தேன், ஈ போட வேண்டிய இடத்தில் ஏ போட்டு. காகிதம், பேனா என்பது 'அசையாமல் நிற்பது' ஆகிவிட்டது. முதலாளி தாளைத் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, நிக்கிற சாமான் பன்னெண்டு பெட்டியா? எங்க நிக்குது?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்க வாசித்தார். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்: பேப்பர் ஈ, ஆர் என்று முடிகிறது, பேப்பர் விற்கும் ஸ்டேஷனரியிலும் ஈ, ஆர். நிற்கிற கார் ஏ, ஆர் என்று முடிகிறது, நிற்கும் ஸ்டேஷனரியிலும் ஏ, ஆர். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் அவமானத்தைத்தான் முதலில் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், ஸ்பெல்லிங் பின்னாலேயே வந்துவிடுகிறது.

ஒரே வால் இருந்தால் ஒரே மாதிரிதானே சொல்ல வேண்டும்?

ப்ளட், ஸ்டுடிலேயே பார்த்தோம், கட்டாயமில்லை. இதற்கு நான் போர்டில் எழுதிக் காட்டுவது மூன்று சொல். முதலில் ஏ, யு, ஜி, எச், டைகர் டி, ஈ, ஆர் என்று ஒரு வால் எழுதுவேன். முன்னால் டெல்லி டி வைத்தால் மகள், டாட்டர். அதை அழித்து எல் வைத்தால் சிரிப்பு, லாஃப்டர். ஓர் எழுத்துதான் மாறியது, நடுவிலிருந்த 'ஆ' ஓசையும் மாறிவிட்டது, இல்லாத 'ஃப்' எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தது. இப்போது எல்-லை அழிக்காமல் அதற்கு முன்னால் எஸ் ஒன்று சேர்ப்பேன். புளியந்தோப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்: "ஆட்டுத்தொட்டி போர்டுல இருக்கு மிஸ்!" ஸ்லாட்டர். சிரிப்புக்கு முன்னால் ஓர் எழுத்து சேர்த்தால் வெட்டு. ஒலி மறுபடி மகளோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின் வரிசையில் ஒருவன், "அப்போ சிரிக்கிறது டேஞ்சர் மிஸ்" என்றான்.

எழுத்து ஒத்துப்போனால் அர்த்தத்திலும் உறவு இருக்குமா?

சில சமயம் இருக்கும், சில சமயம் வழிப்போக்கர்கள். 'ஆலஜி' என்று முடிந்தால் ஏதோ ஒரு படிப்பு, 'ஃபோபியா' என்று முடிந்தால் ஏதோ ஒரு பயம். இங்கே உறவு உண்மை. ஆனால் நடு எழுத்தை வைத்துத் தேடும்போது ஏமாந்துவிடக் கூடாது. 'அண்டர்' என்றால் கீழே என்று தெரிந்த பையன் இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டுத் தேடினான். தண்டர் வந்தது, ப்ளண்டர் வந்தது, ப்ளண்டர் என்றே இன்னொன்றும் வந்தது. பாம்பே பி வைத்தது பெரிய தப்பு, பீட்டர் பி வைத்தது கொள்ளை. ஃபவுண்டர் வந்தது, ஃப்ளவுண்டர் என்று ஒரு தட்டை மீன் வந்தது. லாண்டர் வந்தது, துணி வெளுப்பது. லாண்ட்ரிக்குச் சொந்தம், லத்தீனில் 'கழுவுவது' என்ற வேரிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை என்று பேர் வாங்கின ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை அவனுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. இடியிலும் மீனிலும் 'கீழே' எதுவும் இல்லை. எழுத்துகள் ஒரே பஸ்ஸில் ஏறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

க்யூ-வுக்குப் பின்னால் யு வராத சொல் உண்டா?

உண்டு. நிகாப், புர்கா, ஃபகீர், கவ்வாலி. அரபி மொழியின் 'காஃப்' என்ற எழுத்தை இங்கிலீஷில் க்யூ போட்டு எழுதுவதால் வருபவை இவை. சொல் விளையாட்டு ஆடுகிறவர்களுக்குச் சீன மொழியிலிருந்து வந்த 'சீ' ரொம்பப் பிரியம்: க்யூ, ஐ, இரண்டே எழுத்து.

குறுக்கெழுத்துக்கு இப்படித் தேடினால் அது ஏமாற்று வேலை இல்லையா?

என் பென்ஷன்கார மாணவர்கள் இதை வைத்துக் கைகலப்புக்கே போயிருக்கிறார்கள். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார். அப்போது அதன் கட்டங்கள் சாய்சதுரமாக இருந்தன. யோசித்தால், குறுக்கெழுத்தே அமைப்பை வைத்துத் தேடுவதுதான். குறுக்கே போன சொல் நெடுக்கே வரும் சொல்லுக்கு ரெண்டு எழுத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. மிச்சத்தை மண்டையில் தேடினால் விளையாட்டு, போனில் தேடினால் ஏமாற்றா? நான் சொல்லும் சட்டம் இது: காலை டீ குடித்து முடிக்கும் வரை மண்டை. டம்ளர் காலியானால் போன். டீயை மத்தியானம் வரை உறிஞ்சுகிறவரும் ஒருவர் இருக்கிறார்.

பட்டியல் பெரிதாக வருகிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். நட்சத்திரம் போட்டுத் தேடினால் ஆயிரம் சொல் கொட்டும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டுப் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் எனக்குப் பெரிய தலைவலி. கொட்டினதில் ஏற்கெனவே தெரிந்த ஐந்து, பார்த்த ஞாபகம் இருக்கும் மூன்று, புதுசாக இரண்டு. பத்துதான். நோட்டில் கையால் எழுத வேண்டும், பொதுவான வாலைச் சிவப்பு மையில். தெரிந்த ஐந்து எதற்கு என்று கேட்கிறார்கள். புது ஆள் தெருவுக்குள் வரும்போது அடையாளம் சொல்ல நாலு தெரிந்தவர்கள் வேண்டாமா?

தமிழ் மீடியப் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று பெற்றவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் ரொம்பச் சரிப்படும். இங்கிலீஷ் மீடியப் பிள்ளை சொல்லைக் கேட்டுப் பழகியிருக்கும், கேட்டபடியே தப்பாக எழுதும். தமிழ் மீடியப் பிள்ளை அந்தச் சொல்லைக் கண்ணால்தான் முதலில் பார்க்கிறது. எழுத்து வரிசையைக் கண் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்ச் சொற்களையும் கேள்விக்குறி போட்டு இப்படித் தேட முடியுமா?

முடியும், ஆனால் எண்ணிக்கை நம்மைக் காலை வாரிவிடும். கம்ப்யூட்டர் கணக்கில் 'டு' ஓர் எழுத்து இல்லை. 'ட' ஒன்று, கீழே வரும் கொக்கி ஒன்று, ஆக ரெண்டு. 'ட்' என்றாலும் ரெண்டு, மேலே வைக்கும் புள்ளியை அது தனியாக எண்ணுகிறது. அதனால் மூன்றெழுத்துச் சொல் என்று மூன்று கேள்விக்குறி போட்டால் பட்டு கிடைக்காது; ஐந்து போட வேண்டும்.

அந்தக் காசிமேட்டுப் பெண்ணுக்கு இதைச் சொன்னேன். அவள் உடனே நோட்டை எடுத்துக் கட்டுமரத்தை எழுதினாள். விரல் விட்டு எண்ணினாள்: க, ட், டு, ம, ர, ம், ஆறு. அப்புறம் கம்ப்யூட்டர் எண்ணுகிற மாதிரி புள்ளி ரெண்டையும் கொக்கி ஒன்றையும் சேர்த்து எண்ணினாள். ஒன்பது. பக்கத்திலேயே கேட்டமரானை இங்கிலீஷில் எழுதி அதையும் எண்ணினாள். அதுவும் ஒன்பது. "தாத்தாகிட்ட காட்டணும் மிஸ்" என்று அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.